ஆற்றங்கரையும் ஆடுகளமும்



திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையிலே, மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு கடலை நோக்கி ஓடுகின்றது. அதன் கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். முன்னாளில் ஓடமேறிக் கடந்த ஆற்றை இன்று பாலத்தின்மேற் கடக்கின்றோம். திருவிழாக் காலத்தில் அடியார் வந்து சேர்தல் எளிதாயிற்று.

மக்கள் கூடுமிடத்தைக் கலைஞர் நாடுதல் இயல்பே. இலண்டனில் கொவன்ற் கார்டன் வெளியிலே தாம் பொம்மலாட்டம் பார்த்ததைச் சாமுவேல் பெப்பீசு என்பார் 1662 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இன்று சிட்னித் துறைமுகக் கரையில் ஆடிப்பாடுவோர் அனுமதிச் சீட்டுப் பெற்றே தம் கலையை நிகழ்த்துகின்றனர். அவ்வாறாயின், நம் ஆற்றங்கரைக்கு எத்தகைய ஒழுங்கு பொருந்தும்?

முதலாவது, இடம். நமது கூத்தர் வட்டக்களரி அமைத்து ஆடினர். அண்ணாவியார் மத்தளத்தோடு களரியில் நிற்பார். மக்கள் சுற்றிலும் அமர்ந்திருப்பர். ஆட்டத்துக்கும் அவைக்கும் எல்லை வகுத்த முறை அது. அக்களரியை நீராடும் துறைக்கும் நடைபாதைக்கும் விலகிய மேட்டு நிலத்தில் அமைத்தல் வேண்டும். கூத்தில் மனம் பறிகொடுத்த தாய், குழந்தை நீரருகே செல்வதைக் கவனியாதிருத்தல் கூடும் அன்றோ?

இரண்டாவது, ஒலி. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென உச்ச நீதிமன்றம் 2007 ஆம் ஆண்டு பணித்தது. விசேட வைபவங்களுக்கு, அயலவர் கருத்தறிந்து, வரையறுத்த நேரத்துக்கு விலக்களிக்கவும் இடம் வைத்தது. விடிய விடிய ஆடும் கூத்துக்கு இதனால் முடிவு வந்துவிட்டதெனச் சிலர் வருந்துவர். அவ்வருத்தம் வேண்டியதில்லை. கட்டுப்பாடு கருவிக்கேயன்றிக் கலைக்கன்று. ஒலிபெருக்கி தோன்றுமுன்னரே மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டும் ஊரை விழித்திருக்கச் செய்தன. நேரஞ் சுருங்கினும் கூத்து அழியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கி மேடையேற்றி இதனைக் காட்டினார். ஆகவே சாதாரண நாளிற் சுருங்கிய ஆட்டம் பத்து மணிக்குள் முடியலாம். முழுக்கூத்து பழைய முறைப்படி மனிதக் குரலை நம்பி நடக்கலாம்.

மூன்றாவது, பொருள். கலைஞர் பார்வையாளரை நெருக்கிக் காசு கேட்டல் தகாது. மனமுவந்து இடுவதை ஏற்றல் இழுக்குமன்று. அதுபோலவே, வறிய கலைஞரிடம் இடவாடகை கேட்டலும் நியாயமன்று. யார், எந்நாள், எவ்வளவு நேரம் ஆடுவது என்பதைக் கோயில் பரிபாலனத்தாரும் பிரதேச சபையாரும் அண்ணாவிமாரைக் கலந்து முன்கூட்டியே தீர்மானித்தால், அன்றைய தினத்தில் பிணக்கு எழாது.

கரை பொதுச்சொத்து. கும்பிட வந்தவருக்கும், குளிக்க வந்தவருக்கும், ஆட வந்தவருக்கும் அதில் உரிமையுண்டு. ஒருவர் உரிமை மற்றவரை நெருக்காதவாறு காப்பதே விதியின் வேலை. கலைஞரைத் துரத்துவதற்கு விதி எதற்கு? அதற்கு ஒரு தடி போதுமே!