மழை பெய்தால் ஏரி நிரம்பும்



ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவரை மிகுதியும் அச்சுறுத்தும் ஆங்கில இலக்கணப் பகுதி எது என்று கேட்டால், 'அட்வெர்ப் கிளாஸ்' என்பதையே நான் சொல்வேன். ஒரு செயல் எப்போது நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, எந்த நிபந்தனையில் நிகழும் என்பவற்றை உணர்த்தி, தலைமை வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் சிறு வாக்கியம் அது. நம் நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் பயின்ற நெஸ்ஃபீல்டு இலக்கணமும், ரென், மார்ட்டின் இருவர் எழுதிய நூலும் இதனைக் காலம், இடம், காரணம், நோக்கம், நிபந்தனை என்று பலவாகப் பகுத்துக் காட்டுகின்றன. மாணவனும் அப்பெயர்களை மனப்பாடம் செய்கிறான். கோடிட்ட தொடர் இன்ன வகை என்று எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆனால், "மழை பெய்தால் ஏரி நிரம்பும்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், "ரெய்ன் கமிங் மீன்ஸ், லேக் ஃபுல்" என்கிறான். நோயின் பெயரெல்லாம் அறிந்து மருந்தறியாத வைத்தியனைப் போன்றது இந்தக் கல்வி.

செங்கல்பட்டு வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். இக்கருத்து தமிழ்ச் சிறுவனுக்குப் புதியதே அன்று. அவன் ஐந்து வயதிலேயே, "மிட்டாய் கொடுத்தால் வருவேன்" என்று நிபந்தனை பேசியவன்! நம் மொழியில் இந்த வேலையைப் பெரும்பாலும் வினையெச்சம் செய்கிறது. தொல்காப்பியர் 'செய்து' முதலான 9 வாய்பாடுகளை வினையெச்சமாக எண்ணினார். பின், முன், கால் முதலானவற்றையும் அவற்றோடு சேர்த்தார். நன்னூலார் 12 வாய்பாடுகள் கூறினார். இத்துணைச் செல்வத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, மாணவன் ஆங்கில வகுப்பில் ஏழையைப் போல நிற்பானேன்? ஆங்கில வகுப்பில் தமிழ்ச் சொல்லே ஒலிக்கலாகாது என்ற 'நேர்முறை' வாதத்தைப் பயிற்சிக் கல்லூரியில் நானும் படித்தவன்தான். பேச்சுப் பழக்கத்துக்கு அது நல்ல முறை. இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அது பொருந்தாது என்பது என் துணிபு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று அதே பயிற்சிக் கல்லூரியில்தானே சொல்லிக் கொடுத்தார்கள்!

இனி, இரு மொழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். "வேடந்தாங்கல் ஏரி நிறைந்தால் பறவைகள் வரும்" என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். நிபந்தனையைக் காட்டுவது எது? 'ஆல்' என்னும் ஈறு. அது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியதும் அந்த வினை எச்சமாகிவிடுகிறது, தனித்து நிற்காது. ஆங்கிலத்திலோ, 'இஃப்' என்ற சொல் வாயிற்காவலனைப் போலத் தொடரின் தலைப்பில் நிற்கிறது. அதன் பின்னே எழுவாயும் முற்றுவினையும் குறையின்றி வரவேண்டும். நம் வால் அவர்களுக்குத் தலை. நம் எச்சம் அவர்களுக்கு முற்று. இவ்விரண்டையும் மாணவன் கண்டுகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

காலத்தைப் பற்றிய ஒரு செய்தி சுவையானது. "இஃப் இட் வில் ரெய்ன்" என்று எழுதும் மாணவனிடம், அது பிழை, நிகழ்காலமே வரவேண்டும் என்று விதி சொல்வதால் பயன் குறைவு. நான் அவனைக் கேட்பது வேறு. "தம்பி, நாளை பெய்யப்போகும் மழையைப் பற்றித்தானே பேசுகிறாய்? பின் ஏன் 'பெய்வால்' என்று சொல்லாமல் 'பெய்தால்' என்கிறாய்?" என்பேன். வகுப்பே சிரிக்கும். பெய்தால் என்பதில் உள்ள 'த்' இறந்தகாலம் காட்டும் எழுத்து; பொருளோ எதிர்காலம். நாம் அவ்விடத்தில் எதிர்கால வடிவத்தை விலக்குவது போலவே ஆங்கிலேயரும் விலக்குகின்றனர். நாம் இறந்தகால வடிவத்தை எடுத்துக்கொண்டோம். அவர்கள் நிகழ்கால வடிவத்தை எடுத்துக்கொண்டனர். இதை ஒருமுறை உணர்ந்த மாணவன் பிறகு எளிதில் தவறுவதில்லை. ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. 'வரும்போது' என்பதில் எதிர்கால வடிவம் இருப்பதால், "வென் ஐ வில் கம்" என்று எழுதத் தமிழே அவனைத் தூண்டும். நிபந்தனையில் துணையாகும் தாய்மொழி, காலத்தொடரில் காலை வாருகிறது.

அடுத்து, 'செய' என்னும் வாய்பாடு. "மழை பெய்ய ஏரி நிரம்பிற்று." "பொழுது விடிய வலைஞர் கரை சேர்ந்தனர்." "அனைவரும் கேட்க அவள் உரக்கப் படித்தாள்." மூன்றிலும் ஈறு ஒன்றே. முதலாவது காரணம், அடுத்தது காலம், இறுதியது நோக்கம். இடம் நோக்கிப் பொருள் கொள்வது நம் வழக்கம். ஆங்கிலம் அவ்வாறு விடாது. பிகாஸ், வென், சோ தட் ஆகிய மூன்றனுள் ஒன்றை நீ தேர்ந்தே தீரவேண்டும் என்று கேட்கும். ஆகவே இணைப்புச் சொற்பட்டியலைக் கொடுக்குமுன், ஏன், எப்போது, எதற்காக என்ற வினாக்களைக் கேட்டு விடைபெற வேண்டும். விடை தெளிந்தால் சொல் தானே வரும்.

எல்லாவற்றினும் இடர் தருவது 'அன்லெஸ்'. 'பெய்யாவிட்டால்' என்பதில் எதிர்மறை வினைக்குள் இருக்கிறது. 'அன்லெஸ்' என்பதிலோ எதிர்மறை இணைப்புச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாணவன் இரண்டையும் சேர்த்து, வினையிலும் ஒரு 'நாட்' வைத்துவிடுகிறான், பொருள் தலைகீழாகிறது. 'அன்டில்' என்பதிலும் இதே கதைதான். 'அவன் வராத வரையில்' என்ற நம் வழக்கை நினைத்து அங்கும் ஒரு 'நாட்' புகுகிறது. இது மதிப்பெண் பற்றிய செய்தி மட்டும் அன்று. மாமல்லபுரம் கடற்கரையில் அலையின் இழுப்பு மிகுதி. அங்கே, 'உயிர்காப்பாளர் இருந்தாலொழியக் கடலில் இறங்கவேண்டா' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு இருப்பதாகக் கொள்வோம். 'அன்லெஸ்' என்பதை 'இஃப்' என்று கருதிப் படிப்பவன், உயிர்காப்பாளர் இருக்கையில் கரையில் நிற்பான். அவர் வீடு திரும்பியபின் நீரில் இறங்குவான்! மருந்துப் புட்டியின்மேல் ஒட்டிய தாளைப் படிப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. கற்றவர் அருகில் இல்லாத வீடுகளில் அத்தாளைப் படித்துச் சொல்பவன் எட்டாம் வகுப்புச் சிறுவனே என்பதை ஆசிரியர்கள் மறக்கலாகாது.

வரிசை முறையையும் சொல்லவேண்டும். தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னே வரும். கட்டளை பின்னே வரும். ஆங்கிலத்தில் கட்டளையை முதலில் சொல்லி, நிபந்தனையை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது மிக இயல்பு. நம் மாணவன் கட்டளையைக் கேட்டதும் வாக்கியம் முடிந்தது என்று எண்ணி எழுந்துவிடுகிறான்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு பயிற்சி கூறுகிறேன். சென்னையிலிருந்து வரும் ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி கண்ணுக்குத் தெரியும். இதே செய்தியை ஆங்கிலத்தில் இருமுறை எழுதுங்கள்: ஒருமுறை ரயிலை முன்வைத்து, மற்றொருமுறை ஏரியை முன்வைத்து. சார்பு வாக்கியம் முன்னே வந்தால் நடுவில் காற்புள்ளி இடுங்கள். பின்னே வந்தால் அது பெரும்பாலும் தேவையில்லை. எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள்.