ஓர் ஊருக்கு இரு பெயர்

பழைய ஐரோப்பியத் தேசப்படத்தில் பால்டிக் கடலோரம் டான்சிக் என்றொரு துறைமுகம் காணப்படும். புதிய படத்தில் அதே இடத்தில் க்டான்ஸ்க் என்றிருக்கும். பிரெஸ்லாவ் என்றிருந்த ஊர் வ்ரோத்ஸ்வாவ் என்றிருக்கும். ஊர்கள் இடம் மாறவில்லை. முன்னவை ஜெர்மானியப் பெயர்கள். பின்னவை போலந்து மக்களின் பெயர்கள்.

ஏன் இந்த இரட்டைப் பெயர்? இவ்விரு மக்களும் பல நூற்றாண்டுகளாக அடுத்தடுத்தும் கலந்தும் வாழ்ந்தவர்கள். ஒரே பெயரை அவரவர் நாவுக்கு ஏற்றபடி சொன்னார்கள். போலந்துக்காரரின் போஸ்னான், ஜெர்மானியருக்குப் போசன் ஆயிற்று. இதில் யாருக்கும் தீங்கில்லை.

ஆனால், அதிகாரம் சூட்டிய பெயர்களும் உண்டு. 1939இல் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. நெசவாலைத் தொழிலாளர் நிறைந்த வூச் நகருக்கு, 1940இல், லிட்ஸ்மான் என்னும் ஜெர்மானியத் தளபதியின் பெயரால் லிட்ஸ்மான்ஸ்டாட் என்று பெயரிட்டார்கள். அவ்வூர் யூதர்களை ஒரு பகுதியில் அடைத்து வாட்டினார்கள். 1945இல் அந்தப் படை ஓடியது; அந்தப் பெயரும் உடன் போயிற்று.

அதே ஆண்டில் போலந்தின் எல்லை மேற்கே நகர்ந்தது. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் போலந்தின் வ்ரோத்ஸ்வாவ் ஆனது. அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். கிழக்கே சோவியத் நாட்டின் வசமான பகுதிகளிலிருந்து வந்த போலந்துக் குடும்பங்கள் அங்கே குடியேறின. போனவர்களும் வீடிழந்தவர்கள், வந்தவர்களும் வீடிழந்தவர்கள். பெயர்ப்பலகையை ஒரு நாளில் மாற்றிவிடலாம். பிறந்த மண்ணின் நினைவை அப்படி மாற்ற முடியுமா?

1927இல் டான்சிக்கில் பிறந்த குந்தர் கிராஸ், இழந்த அந்த ஊரைத் தம் நாவல்களில் எழுதி வைத்தார். 1980இல் அதே ஊரில், க்டான்ஸ்க் என்ற பெயரோடு, கப்பல் கட்டும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தங்கள் சொந்தத் தொழிற்சங்க உரிமையைப் பெற்றனர். ஊர் ஒன்றுதான், அதன் கதையில் இரு மக்களுக்கும் பங்குண்டு.

1990இல் ஒன்றுபட்ட ஜெர்மனி இந்த எல்லையை உடன்படிக்கை செய்து உறுதிப்படுத்தியது.

ஆகவே நேயர்களே, ஓர் ஊரை இன்று அங்கு வாழ்பவர் சொல்லும் பெயரால் அழைப்பதே மரியாதை. பழைய பெயரையும் தெரிந்து வைத்திருப்பது அறிவு. தேசப்படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.