மலை ஏறும் முன் பையைப் பாருங்கள்



கொல்லங்கோட்டில் நின்றால் தென்மலை தெரியும். மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி வெள்ளையாய் இறங்கும். பார்த்ததும் ஏற ஆசை வரும். ஆனால் வெறுங்கையோடு ஏறலாமா?

இதே பாலக்காடு மாவட்டத்தில் நடந்த கதையைக் கேளுங்கள். 2022 பிப்ரவரி மாதம். மலம்புழை அருகே சேராட்டில் ஒரு இளைஞர் மலை ஏறினார். கூட வந்த நண்பர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர் மேலே போனார். இறங்கும்போது கால் வழுக்கியது. பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார்.

கையில் போன் இருந்தது. செய்தி சொல்ல முடிந்தது. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஹெலிகாப்டராலும் அருகே வர முடியவில்லை. சுமார் 45 மணி நேரம் அங்கேயே தவித்தார். கடைசியில் ராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். முதலில் என்ன கொடுத்தார்கள்? தண்ணீர்! பிறகுதான் மேலே தூக்கினார்கள்.

அப்படியானால் பையில் என்ன வேண்டும்?

1. தண்ணீர். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2 முதல் 3 லிட்டர். கனமாக இருக்கிறதே என்று குறைக்காதீர்கள்.

2. உப்பும் சர்க்கரையும். 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலை தட்டி அளந்து பொட்டலம் கட்டுங்கள். உடல் தளர்ந்தால் 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம்.

3. அவல், வெல்லம், வறுத்த கடலை. இவை சீக்கிரம் கெடாது.

4. டார்ச் லைட். காட்டுக்குள் சீக்கிரம் இருட்டிவிடும்.

5. விசில். தொண்டை வறண்டால் கத்த முடியாது. விசில் சத்தம் தூரம் கேட்கும்.

6. பஞ்சு, கட்டுத் துணி, காயத்துக்கு மருந்து. மழைக்காலத்தில் அட்டைக்கடிக்குத் தனியாக உப்பு.

7. மழைக்கோட்டு, ஒரு போர்வை, முழு சார்ஜ் உள்ள போன். கால்களுக்கு வழுக்காத ஷூ.

பையில் வைக்கக்கூடாதவையும் உண்டு. மது வேண்டாம். பீடி, தீப்பெட்டி வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேறப் போனவர்களில் பலர் உயிரிழந்தார்கள். காடு காய்ந்த நாட்களில் மலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

இன்னும் இரண்டு உண்டு. அவற்றுக்குப் பையில் இடம் தேவையில்லை. ஒன்று, வனத்துறையின் அனுமதி. மற்றொன்று, வீட்டில் சொல்லும் சொல். எந்த மலை, யார் யார், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் தாண்டினால் வீட்டார் தேடச் சொல்வார்கள். எங்கே தேடுவது என்றும் தெரியும். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112.

மலை எங்கும் போகாது. இன்று முடியாவிட்டால் நாளை ஏறலாம். உயிரோடு திரும்பினால்தான் அது நல்ல பயணம்.