தோளுக்கேற்ற ஆர்கன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

அவைத்தலைவர் அவர்களே, சங்கத்து மூத்தோர்களே, தாய்மார்களே, அன்பர்களே! எங்கள் பணிவான வணக்கம்.

'எங்கள்' என்று கூறுவது மேடைப் பழக்கத்தால் அன்று. நம் மெல்லிசைக் குழுவுக்கு ஒரு மின்னிசை ஆர்கன் வாங்குவது பற்றி ஆராய்ந்து உரைக்குமாறு செயற்குழு மூவரைப் பணித்தது. மூவரும் இரயில்வே எழுத்தர்கள். ஒருவர் முன்பதிவு, ஒருவர் சம்பளப் பிரிவு, இங்கே நின்று பேசுகிறவர் பார்சல் அலுவலகம். சங்கீதத்தில் மேதைகள் என்று எங்களை யாரும் சொல்லமாட்டார்கள். பேசுகிறவருடைய படிப்போ பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆயினும் பாட்டுக்கு உடன் வாசிப்பதை இருபது ஆண்டுகளாகப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம். பெட்டி தூக்கியும் இருக்கிறோம். அந்தத் தகுதியில் பேசுகிறோம்.

முதலில் எங்கள் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் உங்கள் நன்கொடையிலிருந்து ஒரு பெரிய வாத்தியம் வாங்கினோமல்லவா? அதைத் தேர்ந்தவர்கள் இதே மூவர்தாம். கடையில் 88 கட்டைகளைக் கண்டோம். 'கட்டை மிகுந்தால் நாதமும் மிகும்' என்று எங்களுக்குள்ளே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். அது மேடைப் பியானோ என்னும் வகை. மெய்யான பியானோவைப் போல விரலை எதிர்த்து நிற்கும் கனமான கட்டைகள் அதற்கு உண்டு. பெட்டியோடு சேர்த்துப் பார்சல் தராசில் வைத்தபோது 26 கிலோ காட்டியது. வாங்கிய பிறகுதான் நிறுத்தோம் என்பதே வெட்கக்கேடு. நாள்தோறும் ஊரார் மூட்டையை நிறுத்துத் தள்ளுகிறவர்கள், தம் மூட்டையை நிறுக்க மறந்தோம்.

நம் காரக்பூர் நடைமேடையின் நீளம் 1,072 மீட்டருக்கும் மேல். உலகத்திலேயே நீளமானது என்று நெடுங்காலம் பேர் பெற்றிருந்தது. அந்தப் பெருமை 2013இல் கோரக்பூருக்கும், 2023இல் ஹுப்பள்ளிக்கும் போயிற்று. பெருமை போனாலும் நீளம் போகவில்லையே! டாட்டாநகர்க் கல்யாணத்துக்குப் போகும் நாளில் அந்த நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 26 கிலோவைச் சுமந்தவர் நம் ஆர்கன் தம்பி. பகலெல்லாம் பணிமனையில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு, இரவில் அதைத் தோளில் ஏற்றி மேம்பாலப் படிக்கட்டு ஏறியவர் அவர். ஓராண்டு பொறுத்தார். பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, வாசிக்கக் கை வருகிறது, தூக்கத்தான் தோள் வரவில்லை" என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார். அன்று முதல் அந்தப் பியானோ சங்கத்துப் பின்னறையில், நாற்காலிகளுக்கு அடியில் கிடக்கிறது.

அதன் விளைவைச் சென்ற பொங்கல் விழாவில் எல்லோரும் கண்டீர்கள். கைப்பேசியில் பதிந்த இசையை ஓடவிட்டுக் குழந்தைகளைப் பாட வைத்தோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, இடம் தவறி ஒரு கட்டை கீழே எடுத்துவிட்டாள். கைப்பேசி அவளுக்காக நிற்குமா? அது தன் போக்கில் போயிற்று. குழந்தை துரத்திப் பார்த்தாள், பிடிக்க முடியவில்லை, மேடையிலேயே அழுதுவிட்டாள். அதன்பின் அவள் பாட்டு வகுப்புக்கு வரவில்லை என்று அவளுடைய பாட்டி சொன்னார்கள். இங்கே குழந்தைகள் படிப்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும். தெருவில் விளையாடுவது வங்காளியிலும் தெலுங்கிலும். வாரத்தில் ஒரு நாள் தமிழில் வாய் திறப்பது அந்தப் பாட்டு வகுப்பில்தான். ஆர்கன் தம்பி அன்று இருந்திருந்தால் குழந்தை எடுத்த சுருதியைக் கேட்டு, ஒரு பொத்தானை அழுத்தி, அவள் இருந்த இடத்துக்கே தம் வாத்தியத்தைக் கொண்டுபோயிருப்பார்.

ஆதலால் இம்முறை ஆறு மாதம் ஆராய்ந்தோம். கொல்கத்தாவுக்கு நான்கு முறை சென்று வந்தோம். ஒவ்வொரு முறையும் தம்பியையும் அழைத்துச் சென்றோம்.

ஆர்கன் என்பதன் வரலாற்றைச் சிறிது சொன்னால்தான் எங்கள் முடிவு விளங்கும். நாம் 'பெட்டி' என்று அழைக்கும் ஆர்மோனியத்துக்கு 1840களில் பாரிசில் உரிமம் பெற்றவர் அலெக்சாந்தர் தெபேன். காலால் மிதித்த அந்த வாத்தியம், கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பவரது பட்டறையில் கையால் துருத்தி அசைக்கும் பெட்டியாக மாறி, தரையில் உட்கார்ந்து பாடும் நம் வழக்கத்துக்கு இசைந்தது. நாம் இன்று சுருதிக்குக் 'கட்டை' என்று கணக்குச் சொல்வதும் அந்தப் பெட்டியின் கட்டைகளை வைத்துத்தான். சுமக்க எளிது, மின்சாரம் வேண்டா, பழுதானால் ஊரிலேயே சீர்செய்வார்கள். எனினும் அதில் சுரங்கள் தனித்தனியே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் வாராது. அக்குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடையை ஓரளவு தளர்த்தியது. கமகம் என்னும் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

முன்னோடியான மின்னிசை ஆர்கன்களில் ஒன்று அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்டு 1935இல் வெளியிட்டது. அதனுள்ளே குழலும் இல்லை, துருத்தியும் இல்லை. பல்வெட்டிய 91 இரும்புச் சக்கரங்கள் காந்தங்களின் முன் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியே நாதமாகிறது. நம் பணிமனைத் தோழர்கள் கண்டால் தம் பிரிவு வேலை என்றே எண்ணுவார்கள். சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பற்றிக்கொண்டு ஓடுவது. அமெரிக்காவில் அது விநாடிக்கு 60, நம் நாட்டில் 50. அங்கே செய்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால் மூன்று அரைச்சுரம் இறங்கிப் பாடும்! வாத்தியத்தின் முகப்பில் இழுத்தும் தள்ளியும் வைக்கும் ஒன்பது இழுவைக் கோல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு துணைச்சுரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. உப்பும் புளியும் காரமும் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்க, வேண்டிய அளவு எடுத்துக் குழம்பு கூட்டுவது போன்றது அது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டலாம்.

அதற்குத் துணையாக டொனால்டு லெஸ்லி என்பவர் சுழலும் ஒலிபெருக்கியைச் செய்தார். இதை இரயில்வே குடும்பங்களுக்கு விளக்குவது எளிது. நிற்காத வண்டி ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது, வரும்வரை உயர்ந்து ஒலிக்கும் ஊதல், கடந்தவுடன் தணிந்து ஒலிக்கிறதல்லவா? ஒலிபெருக்கியின் வாய் சுழன்று நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வு விநாடிக்குப் பல முறை நிகழும். அந்த நடுக்கமே ஆர்கனின் உயிர்.

ஆனால் ஹேமண்டின் புகழ்பெற்ற பி-3, இருக்கையும் மிதிகட்டைகளும் சேர ஏறத்தாழ 190 கிலோ. எங்கள் பியானோ அதன் முன் கைக்குழந்தை. இந்தப் பாரத்தைத் தாளாமல்தான் 1962இல் இங்கிலாந்தில் வாக்ஸ் காண்டினென்டல், 1964இல் இத்தாலியில் ஃபார்ஃபிசா காம்பேக்ட் ஆகியன தோன்றின. சக்கரங்களுக்குப் பதில் டிரான்சிஸ்டர். கால்களைக் கழற்றி, மூடியைப் போட்டு, வண்டியில் ஏற்றலாம். நாதம் ஹேமண்டைப் போலக் கனமானதன்று, சற்றுக் கீச்சென்றிருக்கும். ஆயினும் மேடைக்கு மேடை அலைகிறவர்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. 'கம்போ ஆர்கன்' என்று நம் திரையிசைக் கூடங்களில் வழங்கிய பெயர் இந்த வகைக்கே உரியது. 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைப்பதற்கு முன் இளையராஜா அவர்கள், சலீல் சௌதுரி போன்றோரின் குழுக்களில் கிதாரும் ஆர்கனும் வாசித்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி, நாங்கள் பார்த்தவை. இக்காலக் கருவிகளில் சக்கரமும் இல்லை, குழலும் இல்லை. கணிப்பொறிச் சில்லு ஒன்று பழைய நாதத்தைக் கணக்கிட்டுத் தருகிறது.

சுவீடன் நாட்டு நோர்ட் எலெக்ட்ரோ 2001 முதல் பல வடிவில் வருவது; சிவப்பு நிறம். கண்ணை மூடிக் கேட்டால் பழைய ஹேமண்டே எதிரில் நிற்கிறது. தம்பி அதன் முன் அமர்ந்து அரை மணி எழுந்திருக்கவில்லை. எனினும் சுரத்தை வளைக்கும் சக்கரமோ கோலோ அதில் இல்லை. மேற்கத்திய ஆர்கன்காரருக்கு அது வேண்டா. நமக்கு? 'ரி'யிலிருந்து 'க'வுக்கு இழைந்து போக வேண்டிய இடத்தில் படிக்கட்டு ஏறுவதுபோல் ஏற வேண்டும். விலையும் நம் கைக்கு எட்டாதது. மனமின்றி எழுந்தோம்.

யமாஹா ஒய்சி-61, 2020இல் வந்தது. எடை 7.1 கிலோ, நீளம் 90 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒன்பது இழுவைக் கோல்கள், வளைக்கும் கோல், சுழலும் ஒலிபெருக்கியின் நடுக்கம் எல்லாம் உண்டு. பார்சல் எழுத்தர் என்ற முறையில் இதன் நீளத்தை மிக மெச்சினோம். பயணி தம்முடன் பெட்டியில் கொண்டுசெல்லும் சாமானுக்கு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம் என்று விதி இருக்கிறது. இதை உறையிலிட்டாலும் அதற்குள் அடங்கும். குறை, மின்கல வசதி இல்லை என்பதே, விலையும் உயர்வு.

அதே நிறுவனத்தின் ரிஃபேஸ் ஒய்சி, 2015இல் வந்தது, எடை 1.9 கிலோதான். மின்கலத்தில் ஓடும். குழந்தைகள் பள்ளிப்பையில் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் 37 சிறிய கட்டைகள். பெரியவர் விரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. இதை விட்டோம்.

தாளமும் உடன்வாசிப்பும் தாமே ஓடும் வகையையும் பார்த்தோம். யமாஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசையில் தபலா, தம்புரா முதலிய நம் நாட்டு ஒலிகளும் இருக்கின்றன. செயற்குழுவில் சிலருக்கு இதன்மேல் விருப்பம் இருப்பதை அறிவோம். செலவு குறையும் என்கிறார்கள். எவ்வாறு குறையும்? நம் டோலக் வாசிக்கும் பெரியவரை வீட்டில் உட்கார வைத்தால் குறையும். சங்கத்தின் மேடையில் முப்பதாண்டு தட்டிய கை அது. இந்த யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. இதற்கு வேறு காரணம் கூற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ரோலண்டு எக்ஸ்பிஎஸ்-10, சுமார் 4 கிலோ. கல்யாண மேடைகளில் அடிக்கடி காண்பது இதைத்தான். விலை குறைவு, நம் நாட்டு ஒலிகளும் நிறைய. ஆனால் இழுவைக் கோல்கள் இல்லை. ஆர்கன் ஒலி இருக்கிறது, ஆர்கன் இல்லை.

கடைசியாக, ரோலண்டு விஆர்-09. 2013இல் வந்தது. எடை 5.5 கிலோ, 61 கட்டைகள். ஒன்பது இழுவைக் கோல்கள். சுரத்தை வளைக்கும் கோல் இடக்கைப் பக்கம். சுருதி மாற்றும் பொத்தான் உண்டு. மின்சாரம் நின்றால் எட்டுச் சிறிய மின்கலத்தில் ஓடும். திறந்தவெளிப் பந்தலில் பாதிப் பாட்டில் விளக்கணைந்ததை மறந்தோமா? கட்டைகள் மென்மையானவை, நோர்டின் கட்டையில் இருந்த சுகம் இதில் இல்லை என்று தம்பி ஒளிக்காமல் சொன்னார். இன்னொரு குறை எங்களை உறங்கவிடவில்லை. நீளம் 100.8 சென்டிமீட்டர்! விதிக்கு 8 மில்லிமீட்டர் கூடுதல். முன்பதிவு எழுத்தர் சிரித்துவிட்டு, "ஐயா, உமது அலுவலக அளவுகோலை வீட்டில் வைத்துவிட்டு வாரும்" என்றார். நாங்களோ குறுக்காக அளந்து பார்த்தோம், நெடுக்காக அளந்து பார்த்தோம், அது 100.8 ஆகவே இருந்தது. பயணச்சீட்டுப் பரிசோதகர் ஆட்சேபித்தால் முறைப்படி பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றுவது என்றும், அதற்காக உறுதியான மரப்பெட்டி ஒன்று செய்துகொள்வது என்றும் முடிவு செய்தோம்.

கொல்கத்தாவில் ஒருவர் பயன்படுத்தி நன்றாக வைத்திருந்த விஆர்-09 ஒன்றை, தம்பி இரண்டு மணி நேரம் வாசித்துப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுத்தோம். பின்னறைப் பியானோவை ஒரு பள்ளிக்கூடத்தார் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே அதற்கு நிலையான இடம் உண்டு, தூக்குவார் வேண்டா. நாம் கொடுத்த விலைக்கும் அவர்கள் தரும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் மூவரும் மாதத் தவணையில் சங்கத்துக்குக் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். வேண்டாம் என்று தலைவர் அவர்கள் கூறினார்கள். சம்பளப் பிரிவு எழுத்தர் ஏற்கெனவே கணக்கில் ஏற்றிவிட்டபடியால் அதை அழிக்க இயலாது.

முந்தாநாள் மாலை அந்தச் சிறுமியின் வீட்டுத் திண்ணையில் வாத்தியத்தை வைத்தோம். அழைக்கவில்லை, பேசவுமில்லை. தம்பி ஐந்து கட்டைச் சுருதியில் மெல்லத் தொடங்கினார். அவள் கதவுக்குப் பின்னின்று நாலரையில் எடுத்தாள். தம்பி பொத்தானை அழுத்தி இறங்கிவந்தார். அடுத்த நிகழ்ச்சி அவள் பாடுவதுதான். திரைக்குப் பின் காத்திருக்கிறாள். ஆகவே இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறோம்.