பதினைந்து மாதத்துக்கு ஒன்று



உப்பிலியபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். திருச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் கனத்த எஃகுத் தகட்டை வளைத்து, எக்ஸ்ரேயில் குறை தெரியாதபடி வெல்டிங் வைக்கத் தெரிந்த கைகள் இங்கே உண்டு. அந்தக் கைகளைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க ஒப்புக்கொண்டேன்.

1967 டிசம்பர் 8 அன்று, சோவியத் நாட்டின் ரிகா துறைமுகத்தில், நம் முதல் நீர்மூழ்கியான கல்வரி கடற்படையில் சேர்ந்தது. அந்தத் தலைமுறை விடைபெற்றுவிட்டது. இப்போது மூப்படைந்து நிற்பவை அதற்கு அடுத்து வந்தவை: சோவியத்தில் கட்டிய சிந்துகோஷ் வகையும், மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனம் வடிவமைத்த சிசுமார் வகையும். 1986 தொடங்கி 1994 வரை பன்னிரண்டு வந்து சேர்ந்தன. பிறகு வரத்து மெலிந்தது. 2000இல் சிந்துசஸ்திரா வந்தது. அதற்கு அடுத்த டீசல்-மின் நீர்மூழ்கியான இரண்டாம் கல்வரி 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. மொத்தமாக வாங்கியவை மொத்தமாகத்தானே கிழடாகும்?

நீர்மூழ்கியின் மூப்பு மற்றக் கப்பல்களின் மூப்பைப் போன்றதல்ல. 300 மீட்டர் ஆழத்தில் அதன் கூட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 30 கிலோ எடை அழுத்துகிறது. மூழ்கும்போது கூடு சுருங்கும், மேலே வந்தால் விரியும். ஆயிரக்கணக்கான தடவை இப்படிச் சுருங்கி விரிந்தால் எஃகு களைத்துப்போகிறது. விரிசல் பெரும்பாலும் வெல்டிங் கோட்டை ஒட்டித்தான் தலைகாட்டும். பழுதுபார்த்து ஆயுளை நீட்டலாம், நீட்டியும் வருகிறார்கள். ஆனால் அந்தப் பழுதுபார்ப்பே ஆயுளைத் தின்றுவிடுவதும் உண்டு. விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் தளத்தில் 2006இல் ஏற்றப்பட்ட சிந்துகீர்த்தி 2015இல்தான் வெளியே வந்தது.

1999இல் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு முப்பதாண்டுத் திட்டம் ஒன்றை ஏற்றது. இலக்கு 24 நீர்மூழ்கிகள். ஒன்றின் ஆயுள் 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 24 என்ற எண்ணிக்கை குறையாமல் இருக்கப் பதினைந்து மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்கு இது. நடந்தது வேறு. பிரெஞ்சு ஸ்கார்பீன் வகை ஆறுக்கு 2005இல் ஒப்பந்தம். 2012இல் வர வேண்டிய முதலாவது, அதாவது இரண்டாம் கல்வரி, ஐந்தாண்டு தாமதம். ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது. அடுத்த ஆறுக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டதே 2021 ஜூலையில்தான்.

தாமதத்தைப் பற்றிப் புலம்ப ஆட்கள் நிறைய. எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. மும்பை மசகான் தளத்தில் 1992இல் சால்கி, 1994இல் சங்குல் எனச் சிசுமார் வகையில் இரண்டு நீர்மூழ்கிகளைக் கட்டி முடித்தோம். ஜெர்மானியரிடம் கற்ற வித்தை நம் தொழிலாளர் கையில் வந்து உட்கார்ந்திருந்த நேரம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கமிஷன் கைமாறியதாகப் புகார் முன்பே கிளம்பியிருந்தது. மேற்கொண்டு இரண்டு கட்டும் யோசனை அதோடு முடிந்தது. கற்றவர்களுக்குக் கட்ட வேலை இல்லாமல் போயிற்று. ஸ்கார்பீன் வேலை வந்தபோது பிரெஞ்சுக்காரரிடம் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினோம். புகாரை விசாரிக்க வேண்டியதுதான், குற்றவாளியைத் தண்டிக்கவும் வேண்டும். தொழிலைத் தண்டித்தது எந்த நீதி?

நாம் மட்டும் இல்லை, பிரிட்டனும் இதில் சறுக்கியது. வான்கார்ட் வகைக்கும் அஸ்டியூட் வகைக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் அனுபவசாலிகள் கலைந்துபோனார்கள். அத்தனை ஆண்டு அணுசக்தி நீர்மூழ்கி கட்டிய நாடு, கடைசியில் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் போட் நிறுவனத்தைத் துணைக்கு அழைத்தது.

இது நமக்குத் தெரியாத கதையா? மின்நிலைய ஆர்டர் வற்றியபோது, கொதிகலன் செய்யும் பெல் நிறுவனத்தை நம்பியிருந்த துவாக்குடிப் பட்டறைகள் என்ன பாடுபட்டன என்பதை இந்த அவையில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். வேலையில்லாத வெல்டர் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார். போனவரைத் திரும்ப அழைக்க எந்தத் திட்டத்திலும் பத்தி ஒதுக்குவதில்லை. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை இதே திருச்சியில்தான் தொடங்கிவைத்தார்கள். கொதிகலன் எஃகு வேறு, நீர்மூழ்கி எஃகு வேறு என்பதை நான் அறிவேன். பெல் வளாகத்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கற்றுக்கொள்ள வேண்டிய தூரம் இங்கே குறைவு. தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதும் அல்ல. அரிஹந்த் நீர்மூழ்கியின் அணு உலைக்கு முன்மாதிரி கல்பாக்கத்தில்தான் ஓடியது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கட்டபொம்மன் தளம் 1990 முதல் திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில் இயங்குகிறது.

கட்டுரை படிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை நீர்மூழ்கி வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு தளம் ஓராண்டு சும்மா கிடந்தால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம், ஒரு வெல்டரை இந்த எஃகுக்குத் தேற்ற எவ்வளவு காலம், பெரிய ஆர்டர் ஒன்றுக்குக் காத்திருப்பதைவிட இரண்டிரண்டாகத் தொடர்ந்து கட்டுவது எந்த விலையில் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் அமர்வு உயர்வலிமை எஃகின் வெல்டிங் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.