உயிரணுவின் காவல்

வெங்காய வேர்நுனிக்குச் சாயமேற்றி உருப்பெருக்கியில் நோக்கினால், பிரியும் பல நிலைகளில் உயிரணுக்களைக் காணலாம். உயிரணு முதலில் வளர்கிறது. பின்பு தன் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கிறது, மீண்டும் வளர்ந்து, இறுதியில் இரண்டாகிறது. மனித உடலின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. சேய் உயிரணு ஒவ்வொன்றிற்கும் அந்த 46-உம் குறையாமல் சேர வேண்டுமன்றோ?

அதற்காகவே இடையிடையே காவல் அமைந்துள்ளது. டி.என்.ஏ. பழுதுற்றால், அது சீராகும்வரை உயிரணு மேற்செல்லாது நிற்கும். ஈஸ்ட்டை ஆராய்ந்து இக்காவலை விளக்கிய லீலண்டு ஹார்ட்வெல், 2001ஆம் ஆண்டில் டிம் ஹண்ட், பால் நர்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். காவல் குலைந்தால் உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் வளர்ச்சியின் ஒரு பகுதியே என்பதை உயிரணு நமக்கு உணர்த்துகிறது.