பெட்ரோலும் எலுமிச்சம்பழமும்

தொப்பூர்க் கணவாய் ஏறித் தர்மபுரிக்கு வரும் லாரிகளின் முகப்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். பெட்ரோல் ஏற்றிய வண்டியை அந்தப் பழம் காப்பாற்றுமா என்பதுதான் நமது கேள்வி.

பெட்ரோல், கடுங்குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுவது. காற்றில் அந்த ஆவி 100-க்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே ஒரு பொறி போதும். பொறி எங்கிருந்து வருகிறது? உலர்ந்த தலையைச் சீப்பால் வாரினால் சடசடவென்று கேட்கிறதே, அதே மின்சாரந்தான். குழாயில் எண்ணெய் ஓடும்போதும் உராய்வினால் அது உண்டாகிறது. இரும்பு அதைப் பூமிக்கு வடியவிடும், பிளாஸ்டிக் வடியவிடாது. ஆகவேதான் டாங்கர் லாரியிலிருந்து எண்ணெய் இறக்குமுன் கம்பி மாட்டிப் பூமியோடு இணைக்கிறார்கள். அங்கே காப்பது கம்பியே தவிர கற்பூரமல்ல.

வெயில் காலத்தில் டாங்க் நிறையப் போட்டால் வண்டி வெடிக்கும் என்று இந்தியன் ஆயில் கம்பெனியின் பேராலேயே ஒரு புரளி கிளம்பிற்று. 2022-ல் அக்கம்பெனியே அதை மறுத்தது. புரளிக்குப் பயந்த நம் மக்கள், மருந்தடிக்கும் இயந்திரத்துக்கென்று பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துப் பெட்ரோல் வாங்கப் பயப்படுவதில்லையே, ஏன்?

அனுமதி பெற்ற கேனைத் தரையில் வைத்து, குழாய் மூக்கு அதன் வாயைத் தொட்டபடி மெதுவாய் நிரப்பவேண்டும். நிரம்பும்போது காருக்குள் ஏறி இறங்கக் கூடாது. இறங்க நேர்ந்தால், குழாய்க்கு எட்ட உள்ள இரும்பைத் தொட்டுவிட்டு வரவேண்டும். தீப்பிடித்துவிட்டால் குழாயைப் பிடுங்காமல் விலகி, பம்பை நிறுத்தச் சொல்லவேண்டும்.

இவ்வளவுக்கும் காலணாச் செலவில்லை. இதைச் செய்யாமல் எரிந்த பிறகு "விதி" என்பது அறிவுடைமையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.